அந்த ரத்தம் என்ன ஆச்சு?

கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) பக்கம் ஒரு மீனவக் குப்பம். சுனாமிக்கு அப்புறம் கட்டிக்கொடுத்த சமுதாயக்கூடம், இருக்கிற மூன்று ஃபேனில் ஒன்றுதான் சுற்றுகிறது. எச்.ஐ.வி. பற்றி உலகத்தில் நடக்கிற புது ஆய்வுகளை உங்கள் பிள்ளைகளிடம் பேச வந்திருக்கிறேன் என்று நான் ஆரம்பிப்பதற்குள்ளேயே, கதவோரம் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா மீன் கூடையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுக் கேட்டார். "அது இருக்கட்டும் மேடம். முன்னாடி வந்து எங்ககிட்ட ரத்தம் எடுத்துக்கிட்டுப் போனாங்களே, அந்த ரத்தம் என்ன ஆச்சு?"

யார் எடுத்தது என்றால், யாரோ ஆபீசர்கள். எப்போது என்றால், "என் சின்னவன் அப்ப கைக்கொழந்த." எதற்கு என்றால், "எய்ட்ஸுக்குத்தான்னு ஊர்ல பேசிக்கிட்டாங்க. அதான் உங்களக் கேக்கறேன்." விசாரித்துச் சொல்கிறேன் அக்கா என்று சமாளித்துவிட்டு என் பேச்சைத் தொடர்ந்தேன். அப்புறம் அதை மறந்தும் போனேன். மறந்திருக்கக் கூடாது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2024-இல் எனக்குக் கிடைத்த வேலை இது. கடலூர், பாண்டி இரண்டு பக்கமும் 16 முதல் 24 வயது வரை உள்ளவர்களிடம் எச்.ஐ.வி. ஆய்வு முடிவுகளைப் புரிகிற மாதிரி கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவர்கள் கேட்பதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அதற்கு முன்னால் பல வருடம் நான் ஆலோசகராக இருந்தவள். ஒருவரை எதிரில் உட்காரவைத்துப் பேசிப் பழக்கம், கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. அது முதல் நிகழ்ச்சியிலேயே தெரிந்துவிட்டது.

மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு கல்லூரி. 140 பேர், புரொஜெக்டர், 32 ஸ்லைடு. 1986-இல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டுபிடிக்கப்பட்டது, டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள் என்று தொடங்கி, பார் சார்ட், பை சார்ட் எல்லாம் போட்டு முடித்து, "கேள்வி இருக்கா?" என்றேன். ஒரு ஈ காக்கா இல்லை. பேராசிரியர் ஒருவர் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவரை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? நன்றியுரை சொல்லி, பொன்னாடை போட்டு, டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வெளியே வண்டியை எடுக்கும்போது ஒரு பையன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே பக்கத்தில் வந்து நின்றான். "மேடம், அந்த மாத்திரை சாப்பிடறவங்க கல்யாணம் பண்ணிக்கலாமா?" நான் 32 ஸ்லைடிலும் சொன்னது அதைத்தான். அவன் காதில் ஒன்றும் விழவில்லை.

ஒரு விஷயம், இந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கு எய்ட்ஸ் என்றால் ஞாபகம் வருவது 2000-களின் தொடக்கத்தில் சுவரெல்லாம் கேட்ட "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" விளம்பரம்தான். அந்தக் காலத்தில் ராஜா என்று பேர் வைத்தவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. பிள்ளைகளுக்குப் புள்ளிராஜாவும் தெரியாது. வீட்டில் மிஞ்சியிருக்கும் பயம் மட்டும் தெரியும். பயத்துக்குப் பேர் இருக்கிறது, தகவல் இல்லை. அதன் மேல் நான் போய்ப் பை சார்ட் போடுகிறேன்.

சரி, சீட்டு முறைக்கு மாறினோம். எல்லாருக்கும் ஒரு துண்டுக் காகிதம், ஒரு பிஸ்கட் டப்பா, பெயர் போட வேண்டாம், கேள்வியை எழுதிப் போடுங்கள். இதை எல்லாரும் செய்கிறார்கள், ஆனால் செய்கிற விதத்தில் இரண்டு ஓட்டை இருக்கிறது, இரண்டிலும் நான் விழுந்தேன். முதல் ஓட்டை, கேள்வி இல்லாதவன் வெறுமனே உட்கார்ந்திருப்பான், எழுதுகிறவள் மட்டும் தனியாகத் தெரிவாள், பக்கத்திலிருப்பவள் எட்டிப் பார்ப்பாள். அதற்கு, கேள்வி இல்லாதவர்கள் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதுங்கள் என்று சொல்லிவிடுவோம். எல்லாப் பேனாவும் ஓடும். டப்பாவில் பாதிக்கு மேல் இட்லியும் பழைய சோறும்தான் வரும், பரவாயில்லை.

இரண்டாவது ஓட்டை பெரியது. பண்ருட்டி போகிற வழியில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தபோது வந்த சீட்டு ஒன்று: "அம்மா தினமும் ராத்திரி ஒரு மாத்திரை சாப்பிடறாங்க. எதுக்குன்னு கேட்டா திட்டறாங்க. அது அந்த மாத்திரையா?" நான் கடகடவென்று சத்தமாகப் படித்துக்கொண்டே போனவள் "அம்மா தினமும்" வரை வந்துவிட்டு நிறுத்தினேன். நிறுத்தியது அதைவிடத் தப்பு, கூட்டமே நிமிர்ந்து பார்த்தது. யார் முகத்தையும் பார்க்காமல், அம்மா தினமும் வேலைக்குப் போகிற வீட்டில் என்று ஏதோ உளறி அடுத்த சீட்டுக்குத் தாவினேன். அன்றிலிருந்து எந்தச் சீட்டையும் கூட்டத்தின் எதிரில் முதல்முறையாகப் படிப்பதில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் இடைவேளை விடுவோம், தனியாகப் பிரித்துப் பார்ப்போம், வேறு ஊரில் வந்த கேள்விகளையும் கலந்து, எங்கள் கையெழுத்தில் திரும்ப எழுதித்தான் படிப்போம். "இதில் பாதி உங்க ஊர்க் கேள்வி இல்ல" என்று முதலிலேயே சொல்லிவிடுவோம். அந்த ஒரு வரிக்குப் பிறகு பிள்ளைகள் தோளைத் தளர்த்திக்கொண்டு உட்காருவதை நீங்கள் கண்ணால் பார்க்கலாம்.

அப்புறம் இன்னொன்று, 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களிடம் பேசுகிறவர்கள் இதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். "உங்க சொந்தக் கதைய இங்க சொல்ல வேண்டாம், பொதுவா கேளுங்க." பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, அந்த வயதுப் பிள்ளைக்கு அப்படி நடந்தது என் காதுக்கு வந்தால் நான் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். அது தெரியாமல் ஒரு பிள்ளை நம்பிச் சொல்லிவிட்டு, பிறகு நான் புகார் கொடுக்கப் போனால், அந்தப் பிள்ளைக்கு நான் யார்? அதேபோல், வீட்டுக்குத் தெரியாமல் டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்பார்கள். 18 முடிந்திருந்தால் தாராளமாக, அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசமாக எடுக்கலாம், 18 முடியவில்லை என்றால் பெற்றோரோ காப்பாளரோ சம்மதிக்க வேண்டும். இது அவர்களுக்குப் பிடிக்காத பதில். பிடிக்காத பதிலை மழுப்பினால் அடுத்து நாம் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள்.

குப்பத்துக்கு வருகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்போதுதான் விசைப்படகுப் பையன்கள் கரையில் இருப்பார்கள். மற்ற நாளில் நம் கூட்டத்துக்கு வருவது ஏலக்கூடத்து நாய்தான். ஆனால் குப்பத்தில் ஊர்ப் பெரியவர்களான நாட்டார்களைக் கேட்காமல் ஒரு நாற்காலி போட முடியாது, போடவும் கூடாது. முதல் தடவை நான் கேட்டுவிட்டுத்தான் போனேன், அதில் குறையில்லை. கூடவே ஒரு பேனரை எடுத்துக்கொண்டு போனேன். சிவப்பு ரிப்பன் படம், கீழே கொட்டை எழுத்தில் ஊர்ப் பெயர். அதைக் கட்டி முடிப்பதற்குள் பெரியவர் ஒருவர் வந்து, கோபமே இல்லாமல், கயிற்றை அவரே அவிழ்க்க ஆரம்பித்தார். "ஏம்மா, எங்க ஊருல அது கிடையாது. இத நீ கட்டுனா இருக்குன்னு ஆயிடும். நாளைக்கு எங்க பிள்ளைங்களுக்கு எவன் பொண்ணு குடுப்பான், எவன் எடுப்பான்?" பேனரை நான்காக மடித்து, மணலை உதறி, என் கையில் கொடுத்தார்.

அவர் சொன்னது முழுக்க நியாயம். ஒருவரின் ரகசியத்தைக் காப்பாற்ற எங்களுக்கு ஆயிரம் படிவம் இருக்கிறது, ஓர் ஊரின் பெயரைக் காப்பாற்ற யாரும் எதுவும் சொல்லிக்கொடுத்ததில்லை. பிறகு பக்கத்துப் பக்கத்து மூன்று குப்பத்தையும் சேர்த்து, எந்த ஊர்ப் பெயரும் போடாமல், ரத்தசோகை, சர்க்கரை, எச்.ஐ.வி. என்று ஒன்றாகப் பேசினோம். அதே பெரியவர் வந்து சர்க்கரை பார்த்துக்கொண்டார், 260. எங்களைத்தான் முறைத்தார்.

அங்கே நடந்த ஒன்றை என்னால் மறக்க முடியாது. வலை பின்னும் கொட்டகையில் ஏழெட்டுப் பையன்கள், கை வேலையில் இருக்கிறது, காது நம்மிடம். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறையும், அப்படிக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலம் இன்னொருவருக்குத் தொற்றாது என்பதைச் சொல்கிறேன். 2011-இல் முடிவு வந்த ஒரு பெரிய ஆய்வில் 9 நாடுகளில் 1,763 ஜோடிகள், அதில் சென்னைத் தம்பதிகளும் இருந்தார்கள், சீக்கிரம் மருந்து தொடங்கியவர்களிடம் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்தது என்றேன். 'சென்னை' என்றதும்தான் இரண்டு பேர் நிமிர்ந்தார்கள். அப்புறம் 2019-இல் ஐரோப்பாவில் 782 ஆண் ஜோடிகளிடம், வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 200-க்குக் கீழே இருக்கையில் ஆணுறை இல்லாமல் சுமார் 76,000 தடவை உறவு, அந்தத் துணையிடமிருந்து தொற்றியது ஒருவருக்குக்கூட இல்லை என்றேன். "எண்ணிக்கிட்டே இருந்தாங்களா?" என்று ஒருவன் கேட்க, ஒரே சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் இன்னொருவன், "கண்டுபிடிக்க முடியலன்னா அப்ப நெகட்டிவ்தானே, மாத்திரைய நிறுத்திடலாமே?" என்றான்.

அதற்குப் பதில் சொல்ல நான் வைரல் லோடு, ஆன்டிபாடி என்று ஆரம்பித்தேன். ஊசியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த பையன் தலையைத் தூக்காமலே சொன்னான். "டேய், கண்ணு பெருசா இருந்தா பொடி மீனு வலையில நிக்காது. வலையில இல்லன்னா கடல்ல இல்லன்னு ஆயிடுமா?" அவ்வளவுதான், முடிந்தது. மாத்திரையை நிறுத்தினால் பொடி மீன் பெருகும் என்பதை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். எந்த உவமையும் முழுசாகப் பொருந்தாது, 'தொற்றாது' என்பது தாய்ப்பாலுக்கும் ஊசிப் பகிர்வுக்கும் இதே உறுதியோடு சொல்லப்படுவதில்லை என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் அன்றிலிருந்து எல்லா ஊரிலும், காலாப்பட்டு வரைக்கும், அந்தப் பையனின் வலைக்கண்ணைத்தான் கடன் வாங்கிப் பேசுகிறேன். மொழிபெயர்ப்பாளரைத் தேடி அலைவதற்கு முன்னால் கொட்டகையில் போய் உட்காருங்கள்.

மொழிபெயர்ப்பு என்றதும் லெனகாபவிர் என்ற எச்.ஐ.வி. தடுப்பு மருந்து ஞாபகம் வருகிறது. 2024 ஜூனில் முடிவு வந்தது. தென் ஆப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயதுப் பெண்களிடம் நடந்த ஆய்வு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி. ஊசி போட்ட 2,134 பேரில் ஒருவருக்கும் எச்.ஐ.வி. வரவில்லை. தினசரி தடுப்பு மாத்திரை கொடுத்த இரண்டு குழுவில், 1,068 பேரில் 16 பேருக்கும், 2,136 பேரில் 39 பேருக்கும் வந்தது. உங்கள் வயதுக்காரர்கள் மேல் செய்த ஆய்வு என்று பிள்ளைகளிடம் சொல்லக் கிடைப்பது அபூர்வம், நான் குஷியாகத் துண்டுப் பிரசுரம் எழுதினேன், 'எச்.ஐ.வி. தடுப்பூசி' என்று தலைப்புப் போட்டு. எங்கள் இளையோர் குழுவில் ஒன்பது பேர், அவர்கள் பார்க்காமல் எதையும் அச்சடிப்பதில்லை என்று வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. நர்சிங் படிக்கும் பெண் பார்த்தவுடனே சொன்னாள், "மேடம், தடுப்பூசின்னா ஒரு தடவ போட்டா போதும்னு நெனப்பாங்க. இது வேக்சின் இல்லையே, மருந்துதானே." சரியென்று 'ஆறு மாத ஊசி' என்று மாற்றி, மகளிர் குழுவில் பேசிப் பார்த்தோம். அங்கே ஒரு சின்ன வயது அம்மா, "ஓ, மூணு மாச ஊசி மாதிரி, கரு தங்காம இருக்கவா?" என்றார். அரசு மருத்துவமனையில் போடும் அந்தரா ஊசியைச் சொல்கிறார். கடைசியில் ஒரு பேரும் வைக்கவில்லை, நீட்டி முழக்கி எழுதினோம்: எச்.ஐ.வி. வராமலிருக்க ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போட்டுக்கொண்டே இருக்க வேண்டிய மருந்து, கருவைத் தடுக்காது, மற்ற பால்வினை நோயையும் தடுக்காது. அழகாக இல்லை. யாரும் தப்பாகப் புரிந்துகொள்ளவும் இல்லை.

அந்த முடிவை முதலில் பேசியது பாண்டியில் ஒரு பெண்கள் விடுதியில். நான் 'ஒருவருக்கும் வரவில்லை' என்ற இடத்தில் கைதட்டலை எதிர்பார்த்தேன். வந்தது கேள்வி. மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு ஏன் வந்துச்சு, மாத்திரை வேலை செய்யாதா? வேலை செய்யும், ஆனால் நிறையப் பேர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்றேன். ஏன் சாப்பிடலை என்று இன்னொருத்தி கேட்கும் முன்பே பின்னாலிருந்து பதில் வந்தது. "இங்க ஒரு தலவலி மாத்திர போட்டாலே வார்டன் எதுக்குன்னு கேக்கறாங்க. டப்பாவ எங்க ஒளிக்கறது?" ஆயிரக்கணக்கான மைல் தள்ளி நடந்த ஆய்வின் முடிவை அந்த அறை இரண்டு நிமிடத்தில் விளக்கிவிட்டது.

அப்புறம் வந்தது கடினமான கேள்வி. "ஆப்பிரிக்கப் பொண்ணுங்க மேல மட்டும் ஏன் போட்டுப் பாக்கறாங்க?" இதற்குத் தயாராகப் போங்கள், கட்டாயம் வரும். இளம் பெண்களிடம் தொற்று மிக அதிகமாக இருக்கும் பகுதி அது, அவர்களை விட்டுவிட்டு ஆய்வு செய்தால் மருந்து வரும்போது அவர்களுக்குப் பொருந்துமா என்பதே தெரியாது, வெறும் பொய் மருந்து (உள்ளே மருந்தே இல்லாதது) மட்டும் கொடுத்து யாரையும் விடவில்லை, நடுவில் கர்ப்பமானவர்களும் விரும்பினால் தொடர முடிந்தது என்று சொன்னேன். அந்தப் பெண் தலையாட்டினாள், ஆனால் விடவில்லை. "முடிவ அவங்ககிட்ட போய் சொன்னாங்களா?" ஆய்வில் இருந்தவர்கள் எல்லாருக்கும் ஊசியே தருவதாகச் சொல்லப்பட்டது என்றேன். "இங்க எப்ப வரும்?" அப்போது அது எந்த நாட்டிலும் தடுப்புக்கென்று அனுமதி பெற்றிருக்கவில்லை, 2025 ஜூனில்தான் அமெரிக்காவில் அனுமதி. ஐதராபாத் நிறுவனங்கள் அதே மருந்தை மலிவாகச் செய்ய 2024 அக்டோபரில் உரிமம் வாங்கின. இதையெல்லாம் பிறகு திரும்பப் போய்ச் சொன்னேன். அன்று சொன்னது, இன்றைக்கு இங்கே இல்லை, இன்றைக்கு இருப்பது ஆணுறை, டெஸ்ட், சிகிச்சை, 1097 கட்டணமில்லாத் தொலைபேசி என்று மட்டும். கிடைக்காததைப் பற்றி ஆசை காட்டிவிட்டு வந்தால் அடுத்த தடவை கேட்டைத் திறக்க மாட்டார்கள்.

நான் செய்ததில் பெரிய தப்பு எது என்றால் போட்டோ. பிறப்பிலேயே தொற்றோடு வளர்ந்த ஒரு தம்பி, 22 வயது, நன்றாகப் பேசுவான். 20 பேர் மட்டும் இருக்கும் அறையில் பேசச் சம்மதித்தான். எங்கள் ஆள் ஒருவர் ரிப்போர்ட்டுக்காக ஒரு படம் எடுத்து ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் போட்டார். அங்கிருந்து எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது, மூன்றாம் நாள் அவன் வேலை பார்த்த கடை முதலாளி, "நீ எதுக்குடா அந்தக் கூட்டத்துக்குப் போன?" என்று கேட்டிருக்கிறார். 2017 எச்.ஐ.வி. சட்டப்படி எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் ஒருவரின் நிலையை வெளியே விடக் கூடாது, வேலையில் பாகுபாடும் கூடாது, எல்லாம் எனக்கு மனப்பாடம். புகார் கொடுக்கலாமா என்று கேட்டேன். "வேணாம்க்கா, கொடுத்தா இன்னும் நாலு பேருக்குத் தெரியும்" என்றான். வேலையை அவனே விட்டுவிட்டான். இப்போது எங்கள் கூட்டங்களில் போனெல்லாம் ஒரு பையில், என்னுடையதும்தான். நிதி கொடுப்பவர்களுக்குக் காலி நாற்காலிகளின் படம் போகிறது. தொற்றுள்ள பிள்ளைகளை மேடையில் நிறுத்துவதையும் விட்டோம், பின்னாலிருந்து என்ன பேச வேண்டும் என்று அவர்கள் சொல்கிறார்கள், அதற்கு மற்ற ஊழியர்களுக்கு என்ன சம்பளமோ அதையே கொடுக்கிறோம்.

பிரசுரத்தைப் பற்றி ஒரு வரி. அழகான சிவப்பு அட்டையை எங்கள் ஒன்பது பேரும் ஒரே குரலில் வேண்டாமென்றார்கள், பாக்கெட்டில் இருந்தால் அம்மா பார்த்துவிடுவார். இப்போது ஒரு பக்கம் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுத் தேதிகள், மறுபக்கம் பொடி எழுத்தில் எங்கள் விஷயம். அதைத் தொலைக்க மாட்டார்கள்.

போன தடைக்காலத்தில் மறுபடி அதே குப்பத்துக்குப் போயிருந்தேன். அதே அக்கா, அதே கதவோரம். "என்ன மேடம், விசாரிச்சீங்களா?" உட்கார்ந்து, முதல் தடவை கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன். எப்படி எடுத்தார்கள், என்ன நேரம்?

"ராத்திரி. சோறு தின்னுட்டுப் படுக்கப் போற நேரம். டார்ச் லைட்ட அடிச்சுக்கிட்டு வந்து, விரல்ல சுருக்குனு குத்தி, கண்ணாடித் துண்டுல தடவிக்கிட்டுப் போயிட்டாங்க."

ராத்திரி, விரல், கண்ணாடித் துண்டு. "அக்கா, அது எய்ட்ஸுக்கு இல்ல. யானக்காலுக்கு எடுத்திருப்பாங்க. அந்தக் கிருமி ராத்திரியிலதான் வெளி ரத்தத்துக்கு வரும், அதான் அந்த நேரத்துக்கு வந்திருக்காங்க." கடலூர், பாண்டிக் கரையோரம் யானைக்கால் இருந்த பகுதி, வீடு வீடாக மாத்திரை கொடுத்ததெல்லாம் எனக்கே நினைவிருக்கிறது.

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருடத்திலிருந்து அவர் தெருவில் யார் வந்து ரத்தம் கேட்டாலும் கதவைச் சாத்திக்கொண்டார்களாம். மருமகள் மாசமாக இருந்தபோது ஆஸ்பத்திரியில் டெஸ்ட் எடுக்க வேண்டாமென்று இவரே சண்டை போட்டிருக்கிறார். அதைச் சொல்லிவிட்டு, கூடையை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தவர், வாசலில் நின்று திரும்பினார்.

"சரி மேடம், அப்ப எனக்கு யானக்கால் இருந்துச்சா, இல்லையா?"